வேலூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் வாங்குவது எப்படி: பட்ஜெட் முதல் பில் வரை

ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், அதாவது பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள, உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா வாங்க இரண்டு, இரண்டரை லட்சம் சேர்த்து வைத்துக்கொண்டு "எந்த கேமரா வாங்கலாம் அண்ணே" என்று கேட்கிறவர்களுக்கு முதல் பதில் இதுதான்: அந்தப் பணத்துக்கு கேமரா வரும், தொழில் வராது. பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்குவது சுலபம். அதைச் சுற்றி வாங்க வேண்டிய சாமான்களும், கையில் வாங்கிக்கொள்ள வேண்டிய காகிதங்களும்தான் ஆளை அலைக்கழிக்கும். கல்யாணம், காதணி விழா, திருவிழா என்று போட்டோவும் வீடியோவும் ஒரே பாடியில் எடுக்க நினைக்கிறவர்கள் நான் அலைந்த அலைச்சல் அலைய வேண்டாம் என்பதற்காக வரிசையாக எழுதுகிறேன். சினிமா எடுக்கப் போகிறவர்களுக்கு இது உதவாது.

1. முதலில் பணத்தைப் பிரித்துப் போடுங்கள்

மொத்தப் பணத்தில் பாதிதான் பாடிக்கு. சோனி ஏ7 மார்க் 4, கேனான் ஆர்6 மார்க் 2, நிக்கான் இசட்6 மார்க் 3 மூன்றும் இந்தியாவுக்கு வந்தபோது பாடி மட்டுமே 2,40,000 முதல் 2,50,000 ரூபாய்க்குள்தான் இருந்தன. இப்போது கடையில் அதைவிடக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் லென்ஸ், கார்டு, பேட்டரி, மைக், ஹார்டு டிஸ்க் எல்லாம் மீதிப் பாதியில் அடங்க வேண்டும்.

இதில் எல்லோரும் மறந்துவிடுகிற செலவு ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர். இவற்றில் சோனியும் கேனானும் எச்.265 என்ற சுருக்கும் முறையில், நிற விவரம் அதிகம் உள்ள 10 பிட் 4:2:2 வீடியோ பதிவு செய்யும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அதைப் பழைய ஐ5 கம்ப்யூட்டரில் போட்டு எடிட்டிங் டைம்லைனில் ஓட்டினால் திக்கித் திக்கி நகரும். கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகள் இந்த 4:2:2 வகை எச்.265-ஐப் பிரித்துத் தராது, நாற்பதாயிரம் கொடுத்து வாங்கினாலும் அதே திக்கல்தான். உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள இன்டெல் 11ஆம் தலைமுறை பிராசஸரோ அதற்குப் பிந்தையதோ, இல்லையென்றால் ஆப்பிளின் எம் வரிசையோ இருந்தால் ஓடும். எதுவுமே இல்லையென்றால் ஆரம்பத்தில் நிற விவரம் குறைந்த 8 பிட் 4:2:0 வைத்து எடுங்கள், கல்யாண வீட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் போவதில்லை.

2. எந்த பாடி

யூடியூபில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நம் ஊர் மண்டபத்தை மனதில் வைத்துப் பார்த்தால் இப்படி.

சோனி ஏ7 மார்க் 4. 33 மெகாபிக்சல், ஆல்பத்துக்கு வெட்டிக்கொள்ள தாராளமாக இடம் இருக்கும். ஆனால் 4கேயில் 50 ஃபிரேம் வைத்தால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் பயன்படுத்தும், 28 எம்எம் லென்ஸ் 42 எம்எம் மாதிரி ஆகிவிடும். மணமேடைக்கு முன்னால் சொந்தக்காரர்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, நாலடி தூரத்தில் நின்று தாலி கட்டுவதை ஸ்லோமோஷன் எடுக்கப் பார்த்தால் மாப்பிள்ளையின் தோளும் புரோகிதரின் கையும்தான் ஃபிரேமில் இருக்கும், பின்னால் நகரவும் வழி இருக்காது. இதை வாங்குகிறவர்கள் ஒரு வைடு லென்ஸுக்கும் சேர்த்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேனான் ஆர்6 மார்க் 2. 24 மெகாபிக்சல், 4கே 50 ஃபிரேம் முழு அகலத்துக்கும் வரும், முந்தைய ஆர்6-இல் இருந்த, அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்ய முடியாத கட்டுப்பாடு இதில் இல்லை. குறை எங்கே என்றால் எச்டிஎம்ஐ துளையில். மைக்ரோ அளவு. இப்போது ரிசப்ஷன் என்றால் எல்இடி வாலும் யூடியூப் லைவும் இல்லாமல் நடப்பதில்லை, கேமராவில் இருந்து வீடியோ மிக்ஸருக்கு கேபிள் போயே தீரும். யாராவது ஒரு குழந்தை காலில் கேபிள் மாட்டி இழுத்தால் துளையே கழன்றுவிடும். கேபிளைப் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் உள்ள கேஜ் (பாடியைச் சுற்றி மாட்டும் சட்டம்) ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

நிக்கான் இசட்6 மார்க் 3. வீடியோவுக்கு மூன்றிலும் இதுதான் பலம் என்பது என் கணக்கு, எச்டிஎம்ஐயும் முழு அளவு. ஆனால் இரண்டு கார்டு துளைகளில் ஒன்று சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் பி, இன்னொன்று எஸ்டி. போட்டோ இரண்டிலும் ஒரே சமயத்தில் பதிவாக வேண்டும் என்றால் இரண்டு வகை கார்டும், இரண்டு வகை ரீடரும் வாங்க வேண்டிவரும்.

பணம் இடிக்கிறது என்றால் பானசோனிக் லூமிக்ஸ் எஸ்5 மார்க் 2 பாருங்கள், உள்ளே சின்ன ஃபேன் இருப்பதால் சூட்டைத் தாங்கும். இதிலும் 4கே 50 ஃபிரேமில் நடுப்பகுதி மட்டும்தான். விலை குறைவு என்று கேனான் ஆர்8 பக்கம் போகாதீர்கள். படம் அருமையாக வரும், ஆனால் கார்டு துளை ஒன்றே ஒன்று, பேட்டரியும் சின்னது. முகூர்த்தத்தைத் திரும்ப எடுக்க முடியாது, ஒற்றைக் கார்டில் கல்யாணம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

2025 கடைசியில் கேனான் ஆர்6 மார்க் 3ம் சோனி ஏ7 மார்க் 5ம் வந்தாகிவிட்டது. புதியதைத்தான் வாங்குவேன் என்று அடம் பிடிக்காவிட்டால் அவற்றின் முந்தைய மாடல்களைக் கேளுங்கள், பேரம் அங்கேதான் படியும்.

3. வீட்டில் பழைய லென்ஸ் இருக்கிறதா

கேனான் 5டி காலத்து இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் புது பாடியில் நன்றாகவே வேலை செய்யும். நிக்கானில்தான் பொறி: பழைய லென்ஸைப் புது பாடியில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ் லென்ஸுக்கு ஆட்டோஃபோகஸ் வரும், பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்கு வராது, ஏனென்றால் அதைச் சுழற்றும் மோட்டார் அடாப்டரிலும் இல்லை, பாடியிலும் இல்லை. லென்ஸைக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு 28-75 எஃப்2.8 போன்ற ஒரு ஜூம் போதும். டாம்ரானில் முக்கால் லட்சத்தை ஒட்டி வரும், சோனிக்கும் நிக்கானுக்கும் இருக்கிறது. கேனானின் புது பாடிகளில் லென்ஸ் மாட்டும் ஆர்எஃப் மவுண்டில் வெளி நிறுவனங்களின் ஃபுல் ஃபிரேம் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் அரிது, அதனால் லென்ஸ் செலவு கூடும்.

4. எப்போது வாங்குவது

ஆடி மாதம். முகூர்த்தம் இல்லை, கையில் நேரம் இருக்கும், மெனுவோடு மல்லுக்கட்டி ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் கை பழகிவிடும். தீபாவளிக்கு கேஷ்பேக் வரும் என்று காத்திருப்பவர்கள் ஐப்பசி சீசனின் நடுவில் புது கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். கடன் போட்டு வாங்குவதாக இருந்தால் ஆனி மாதமே வங்கிப் படி ஏறுங்கள்.

5. கடனும் காகிதமும்

தொழிலுக்காக வாங்குகிறீர்கள் என்றால் முதலில் உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்யுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், அரசுத் தளத்தில் கட்டணம் எதுவும் இல்லை. கூகுளில் தேடினால் மேலே வருகிற சில தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், இரண்டாயிரம் மூவாயிரம் கேட்கும், அங்கே பணம் கட்டாதீர்கள்.

மத்திய அரசின் முத்ரா தொழில் கடன் திட்டத்தில் கிஷோர் பிரிவில் 50,000க்கு மேல் 5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கேட்கலாம். கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஆதார், பான், முகவரிச் சான்று, ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், உத்யம் சான்று, ஸ்டுடியோ இருந்தால் வாடகை ஒப்பந்தம், புகைப்படங்கள், அப்புறம் கடையின் கொட்டேஷன். கொட்டேஷன்தான் முக்கியம். கடையின் லெட்டர்ஹெட்டில், ஜிஎஸ்டி எண்ணோடு, பாடியும் லென்ஸும் மாடல் பெயரோடு தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "கேமரா செட் - 1" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்ததை வங்கியில் திருப்பி அனுப்பி, மறுபடி கடைக்குப் போய், மறுபடி மேனேஜர் லீவு என்று நாள் ஓடும். வங்கி பணத்தைப் பெரும்பாலும் நேரே கடைக்காரர் கணக்குக்குத்தான் அனுப்பும். ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கடன் கையெழுத்தாகட்டும்.

நோ காஸ்ட் ஈஎம்ஐ என்பதில் வட்டியை விலையில் தள்ளுபடியாகக் கடை கழித்துவிடும், வங்கி அதே வட்டியைத் தவணையில் போடும். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும், பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில். பெரிய தொகை இல்லைதான், தெரிந்து கையெழுத்துப் போடுங்கள்.

6. பணம் கொடுப்பது

ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ ஒரு கடைக்காரர் ஒரே விற்பனைக்கு வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம், மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அவருக்கு அபராதம். அதனால் "இரண்டு பில்லாகப் போட்டுக்கலாம், ஒண்ணு தம்பி பேரில்" என்று யோசனை சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், பாடி ஒருவர் பெயரில் லென்ஸ் இன்னொருவர் பெயரில் என்று ஆகிவிட்டால் பின்னால் இன்சூரன்ஸில் இழுபறி. 2 லட்சத்துக்கு மேல் பில் என்றால் பான் எண் கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும்.

சாதாரணமாக யுபிஐயில் ஒரு நாளைக்கு 1 லட்சம்தான் போகும். கடையில் நின்றுகொண்டு ஜிபே சுற்றிக்கொண்டிருப்பதைவிட முதல் நாளே நெட் பேங்கிங்கில் கடையின் கணக்கைச் சேர்த்துவைத்து நெஃப்ட் போடுவது நல்லது. பணம் போகும் கணக்கின் பெயரும் பில்லில் உள்ள கடைப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும். ஓனரின் சொந்த நம்பருக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்.

7. வேலூரா, சென்னையா, ஆன்லைனா

காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்ட்ரல், அண்ணா சாலைப் பக்கம் நாலு கடை ஏறி இறங்கலாம், மாடல்களைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். அதற்குச் சென்னைதான் சரி. ஆனால் வாங்குவது வேலூரிலேயே, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில், மூன்று நாலு ஆயிரம் கூடுதலானாலும் பரவாயில்லை என்பது என் கட்சி. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை கார்டு துளை மக்கர் செய்கிறது என்றால் போய் நிற்க ஒரு கடை வேண்டும். அங்கே ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: உங்களிடம் இருப்பது சர்வீஸ் சென்டரா, வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் இடமா? இரண்டாவது என்றால் சின்ன ரிப்பேருக்கும் கேமரா வாரக்கணக்கில் கையில் இருக்காது.

விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முறையாக இறக்குமதியான சரக்கில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்ஆர்பி, புகாருக்கான தொலைபேசி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தே ஆக வேண்டும். ஸ்டிக்கர் இல்லை, "கடை வாரன்ட்டி ஒரு வருஷம் நாங்க தர்றோம்" என்றால் அது கிரே மார்க்கெட் சரக்கு, இந்தியாவில் நிறுவனத்தின் வாரன்ட்டி அதற்குச் செல்லாது.

ஆன்லைனில் என்றால் பார்சல் சீல் உடைப்பது முதல் பாடியை ஆன் செய்வது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள்.

8. பில்லில் பார்க்க வேண்டியது

உங்கள் பெயர் ஆதாரில் இருப்பது போலவே. மாடல் பெயர். பாடி சீரியல் எண். லென்ஸ் சீரியல் எண், இதைத்தான் விட்டுவிடுவார்கள். கடையின் ஜிஎஸ்டி எண், தேதி. பெட்டி, பாடி, வாரன்ட்டி அட்டை, பில் நாலிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பாருங்கள், கடைப் பையன் அவசரப்படுத்தினாலும்.

கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2,36,000 ரூபாய் பில் என்றால் அதில் 36,000 வரி. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்" என்பது இந்த 36,000-ஐ வைத்து ஆடும் ஆட்டம், மிச்சமாகும் பணத்துக்குப் பதிலாக வாரன்ட்டியும் இன்சூரன்ஸும் போகும், திருடு போனால் ஸ்டேஷனில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் உங்கள் எண்ணைப் பில் போடும் முன்பே சொல்லுங்கள், அந்த வரியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயம் இல்லை.

9. கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்

ஒரு கார்டும் சார்ஜ் ஏறிய பேட்டரியும் கையோடு கொண்டு போங்கள், புது பேட்டரியில் சார்ஜ் இருக்காது. லென்ஸ் மூடியைப் போட்டபடியே ஐஎஸ்ஓ 1600-இல் ஒரு படம் எடுத்து, திரையில் பெரிதாக்கி மூலை மூலையாக நகர்த்திப் பாருங்கள், கறுப்பில் சிவப்பு, நீலப் புள்ளி பளிச்சென்று தெரிந்தால் வேறு பெட்டி கேளுங்கள். அப்புறம் எஃப்16 வைத்து வெள்ளைச் சுவரை ஃபோகஸ் விலக்கி எடுங்கள், தூசி இருந்தால் சாம்பல் நிறப் பொட்டாகத் தெரியும். இரண்டு கார்டு துளை, மைக் துளை, ஹெட்போன் துளை, எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் 4கே ஓடவிட்டு ஆடியோவோடு திரும்பப் போட்டுக் கேளுங்கள். சுற்றி நிற்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

10. கார்டும் பேட்டரியும்

அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 300 எம்பி என்பது படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது வி30, வி60, வி90 என்ற குறி. வி30 என்றால் நொடிக்கு 30 எம்பி குறையாமல் எழுதும், அதாவது 240 மெகாபிட். 200 மெகாபிட் பதிவுக்கு அதுவே தாங்கும், ஆனால் நான் வி60 வாங்கச் சொல்வேன். 600 மெகாபிட் ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் முறை) எடுப்பவர்களுக்குத்தான் வி90. 128 ஜிபி கார்டில் 200 மெகாபிட் என்றால் ஒன்றே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். முகூர்த்தம், ரிசப்ஷன் இரண்டுக்கும் எத்தனை கார்டு என்று இதிலிருந்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். கார்டிலும் பேட்டரியிலும் போலி ஏராளம், இரண்டையும் கேமரா வாங்கும் கடையிலேயே அதே பில்லில் வாங்குங்கள்.

11. முதல் நாள் செட்டிங்

சோனி, கேனான் இரண்டிலும் வீடியோ சிஸ்டம் பால் (PAL, 25, 50 ஃபிரேம் தரும் முறை) என்று இருக்கிறதா என்று பாருங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50, 50 ஃபிரேமுக்கு 1/100. இன்னொரு சிஸ்டமான என்டிஎஸ்சியில் 30 ஃபிரேம், 1/60 என்று வைத்தால் மண்டபத்து விளக்கில் மினுமினுப்பு ஏறும், எடிட்டிங்கில் அதைப் போக்குவது பெரும்பாடு. உங்களோடு வரும் இன்னொரு கேமராமேனும் 25-இல்தான் இருக்கிறாரா என்று கிளம்பும் முன் கேளுங்கள். சீரியல் லைட்டும் எல்இடி வாலும் உள்ள மேடையில் போட்டோவுக்கு சைலன்ட் ஷட்டர் வேண்டாம், முகத்தில் பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரே போடுங்கள்.

12. வேலூர் வெயில்

இந்த கேமராக்களின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 40 டிகிரி வரை என்றுதான் இருக்கும். கத்திரியில் நம் ஊர் அதைத் தாண்டிவிடும், கறுப்பு பாடி வெயிலில் அதற்கும் மேலே. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள், சரியாகக் கத்திரிக்குள். அங்கே நாள் முழுக்க எடுக்கப் போகிறவர்கள் சோனியிலும் கேனானிலும் ஆட்டோ பவர் ஆஃப் டெம்பரேச்சர் என்ற செட்டிங்கை ஹையில் வையுங்கள், திரையைப் பாடியில் ஒட்டாமல் வெளியே திருப்பிவிடுங்கள், பவர் பேங்கில் சொருகியபடி ஓட்டாதீர்கள், தேவை இல்லாத இடத்தில் 50 ஃபிரேமைக் குறைத்து 25 வையுங்கள். எடுக்காத நேரத்தில் மேலே ஒரு வெள்ளைத் துண்டு. கூட்டத்தில் மஞ்சளும் குங்குமமும் பறக்கும்போது லென்ஸைக் கழற்றவே கழற்றாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்சினை வேறு, லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும்.

13. எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது

புது கேமரா வந்ததும் எல்லோரும் ஓடுவது கோட்டைக்கு. அது தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும், ப்ரீ வெட்டிங் ஷூட் என்று விளக்கோடு போய் இறங்கினால் திருப்பி அனுப்புவார்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமராவும் போனும் கொண்டுபோகவே முடியாது. கை பழக்க சித்ரா பௌர்ணமி புஷ்பப் பல்லக்கைவிட நல்ல இடம் இல்லை: ராத்திரி, கூட்டம், நகரும் விளக்கு, ஆட்டோஃபோகஸின் லட்சணம் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

14. வாங்கிய முதல் வாரம்

நிறுவனத்தின் தளத்தில் சீரியல் எண்ணைப் பதிவு செய்யுங்கள், சில மாடல்களுக்குக் கூடுதல் வாரன்ட்டி பதிந்தால்தான் வரும். பில்லை ஸ்கேன் செய்து மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள், கடைகள் தரும் தெர்மல் பில் ஒரு வருடத்தில் வெளுத்துவிடும். இன்சூரன்ஸ் எடுத்தால் திருட்டும் உடைதலும் தொழில் இடத்தில் செல்லுமா என்று கேளுங்கள். பல பாலிசிகளில் ஆள் இல்லாத காரில் வைத்துவிட்டுப் போனால் பணம் வராது.

பழைய பாடியை விற்க அவசரப்படாதீர்கள். புதியது இரண்டு கல்யாணம் தாண்டட்டும், அதுவரை பழையது பையில் இருக்கட்டும். விற்கும்போது பில், பெட்டி, சார்ஜர் மூன்றும் இருந்தால் விலை கூடும். கார்டை எடுத்துவிட்டு, செட்டிங்கை ரீசெட் செய்து, வைஃபையில் சேமித்த போன் இணைப்பையும் அழித்துக் கொடுங்கள்.